வழியில் இருந்த கல்யாணம்

இந்தப் பையைப் பார்த்துவிட்டு நான் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பையில் பொண்ணு மாப்பிள்ளை பெயர் அச்சடித்திருக்கிறது, உள்ளே தேங்காய் இருக்கிறது, வெற்றிலை பாக்கு இருக்கிறது, எல்லாம் சரிதான். ஆனால் நான் கிளம்பியது திருப்பதிக்கு. போய்க்கொண்டிருப்பதும் திருப்பதிக்குத்தான். கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கும்போது பார்த்தீர்கள் அல்லவா? வழியில் ஆரணியில் ஒரு கல்யாணம் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும், ஊரைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க முடியுமா?

நன்றாக உட்காருங்கள் சார். ஜன்னல் பக்கம் வேண்டுமா? வேண்டாமா? சரி. வேலூர் தாண்டிவிட்டால் ரோடு நன்றாக இருக்கும். யூனியன் ஆபீஸ் ஜீப் ஓட்டி ரிட்டையர் ஆனவன் நான். ரோட்டைப் பற்றிச் சொன்னால் சரியாக இருக்கும். மனிதர்களைப் பற்றிச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும், ஆனால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

என் பெயர் தேசிங்கு. ஊர் செஞ்சி. அங்கே வந்து வெறும் தேசிங்கு என்று கேட்காதீர்கள், தெருவுக்கு ஒருத்தன் வெளியே வருவான். ஜீப் தேசிங்கு என்று கேளுங்கள்.

கல்யாணப் பொண்ணு ஹேமாவதி. என் தங்கை அலமேலுவின் மகள். ஒரே மகள். எனக்குப் பிள்ளை கிடையாது. அவளுக்குக் காது குத்தினபோது என் மடியில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி காதைக் குத்தினான், அவள் என் கையைக் கடித்தாள். இதோ பாருங்கள், தழும்பு. அவள் காது எப்போதோ ஆறிவிட்டது.

எங்கள் பக்கத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் பட்டம் கட்டுவது என்று ஒன்று உண்டு. தங்க நிறத்தில் மெல்லிய தகடு, இரண்டு பக்கமும் நூல். அதைப் பொண்ணு நெற்றியில் வைத்துப் பின்னால் முடிச்சுப் போட வேண்டும். முதல் பட்டம் தாய்மாமன் கட்டுவது. அவன் கட்டின பிறகுதான் மற்றவர்கள். தாய்மாமன் கறுப்பாக இருக்கலாம், கடன்காரனாக இருக்கலாம், தள்ளாடிக்கொண்டுகூட வரலாம், அந்த ஒரு நிமிஷம் அவன்தான் ராஜா. எனக்கு வேறு எங்கேயும் ராஜா வேலை கிடைக்கவில்லை சார். இந்த ஒரு நிமிஷம்தான்.

அதனால்தான் முதல் பத்திரிகை தாய்மாமன் வீட்டுக்கு வரும். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வர வேண்டும். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை. 'குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அலமேலு புருஷன் ஏகாம்பரம் என்ன செய்தான் தெரியுமா? பத்திரிகையை என் வீட்டுக் கேட் கம்பியில் சொருகிவிட்டுப் போனான். பல் ஆஸ்பத்திரி திறப்பு விழா நோட்டீஸ் மாதிரி!

வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்கிறீர்கள். வீட்டில் இல்லை. எதிர் டீக்கடையில் இருந்தேன். கார் வந்து நின்றதைப் பார்த்தேன். இரண்டு பேரும் இறங்கினார்கள். தட்டு இருந்ததா? இருந்தது. அலமேலு 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டாள், தெருவே கேட்டது. நான் ஏன் எழுந்து போக வேண்டும்? பத்திரிகை கொடுக்க வந்தவர்கள்தானே தேட வேண்டும்? ஏகாம்பரம் டீக்கடைக்கே வந்து, "எங்க மச்சான் இங்க வந்தாரா?" என்று கேட்டான். நான் பாய்லருக்குப் பின்னால் இருந்தேன். டீ மாஸ்டர் "இல்லியே" என்றான். நான் அவனுக்குக் கண்ணைக் காட்டியிருந்தேன், அது வேறு விஷயம். ஆனால் ஒரு டீ மாஸ்டர் சொல்வதை அப்படியே நம்பிவிடுவதா? பாய்லருக்குப் பின்னால் ஒரு எட்டு எட்டிப் பார்த்தால் இவன் கௌரவம் குறைந்துவிடுமா? வெயிலில் ரொம்ப நேரம் நின்றார்கள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது, பாய்லர் சூடு.

அதற்கப்புறம் அலமேலு தினமும் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டியதை போனில் கொடுக்க முடியுமா?

உங்களிடம் சொல்வதற்கென்ன. கார் வருவதற்கு முந்தின வாரம் ஒரு பேச்சு என் காதில் விழுந்திருந்தது. ஹேமாவுக்குப் பட்டம் கட்டப்போவது தனகோட்டியாம். தனகோட்டி எங்கள் பெரியப்பா மகன், ஆரணியில் பட்டுச்சேலைக் கடை. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக நின்று கட்டினால்தான் பொண்ணுக்கு நல்லதாம். மாப்பிள்ளையின் பெரியம்மா சொன்னாளாம். என் மனைவி மங்கை போய் மூன்று வருஷம் ஆகிறது. அதனால் நான் அரை ஆளாம். கார் கதவு திறந்தபோது, தட்டோடு அந்தச் சேதியையும் எடுத்துக்கொண்டு வந்திருப்பார்களோ என்று தோன்றியது. தோன்றியது, அவ்வளவுதான். பயம் என்று சொல்லாதீர்கள். ஜீப் டிரைவருக்கு என்ன பயம்?

ஆகவே போகக் கூடாது என்று முடிவு செய்தேன். முடிவு என்றால் முடிவு. ஆனால் அதே நாளில் திருப்பதிக்குப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. பெருமாள் கூப்பிட்டால் தேதி பார்க்கலாமா? செஞ்சியிலிருந்து ஆரணி வழியாகத்தான் போக வேண்டும். திருவண்ணாமலை வழியாகவும் போகலாம் என்கிறீர்களா? போகலாம். பெட்ரோல் தண்டம். பஸ் டீசலில் ஓடுகிறது, தெரியும், ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

விடியும்போது ஆரணியில் இறங்கினேன். கால் மரத்துப்போயிருந்தது, கொஞ்சம் நடந்தால் தேவலை என்று நடந்தேன். மண்டபம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. சரிகை வேட்டி கட்டியிருந்தேன், சாமி கும்பிடப் போகிறவன் அழுக்கு வேட்டியிலா போவான்? கையில் ஒரு பட்டுச்சேலை இருந்தது. ஆரணிக்கு வந்துவிட்டுப் பட்டு வாங்காமல் யாராவது போவார்களா? விடியற்காலையில் எந்தக் கடை திறந்திருக்கும் என்கிறீர்கள். சரி, போன மாசமே வந்து வாங்கினேன். தனகோட்டி கடையில் வாங்கவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் கேட்டாள். "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?"

"திருப்பதி" என்றேன்.

அவள் ஒன்றும் புரியாமல் இரண்டு தடவை தெளித்துவிட்டாள்.

நான் மேடைப் பக்கம் போகவில்லை. சாப்பாட்டு ரூம் வாசலில் ஒரு தூண் இருந்தது, அங்கே நின்றேன். காற்று நன்றாக வந்தது. வெண்பொங்கல் வாசனையும் வந்தது, வடை வாசனையும் வந்தது, கேசரி வாசனையும் வந்தது. ஏகாம்பரம் பட்டு வேட்டி தடுக்க ஓடி வந்தான்.

"மச்சான்! வந்துட்டியா!"

"வரலை. திருப்பதி போறேன். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது."

"சரி, வா. ஒரு வாய் சாப்பிடு மொதல்ல."

"விரதம்."

"விரதமா? நீயா?"

"ஏன், பெருமாள் ஆள் பாத்துதான் விரதம் வாங்குவாரா?"

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு நல்ல பசி. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது, சாமி விஷயம், திருப்பி விழுங்க முடியவில்லை. ஏகாம்பரம் என் கையைப் பிடித்தபடி ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் காபியில் சர்க்கரையே இல்லை என்று சத்தம் போட்டார். இவன் அந்தப் பக்கம் ஓடினான். பொண்ணைப் பெற்றவன் கல்யாணத்தன்று படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்குப் பிள்ளை இல்லாததில் ஒரு லாபம் தெரிந்தது.

தேசிங்கு திருப்பதிக்குப் போகிறான் என்கிற சேதி மண்டபம் முழுக்கப் பரவிவிட்டது. எங்கள் ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. மலைக்குப் போகிற ஆள் ஒருத்தன் கிடைத்தால் விடமாட்டார்கள். ஏகாம்பரத்தின் அக்கா ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து, "மொழங்கால் வலிக்கு வேண்டிக்கினேன், உண்டியல்ல போட்டுடுப்பா" என்றாள். பின்னாலேயே இன்னொரு முடிச்சு, மகன் பாஸானதற்கு. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து ஒன்று கொடுத்தார். தனகோட்டியே வந்தான். "அண்ணா, கடை வேண்டுதல் ஒண்ணு பாக்கி இருக்குது" என்றான். சாமி காசை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன். மடி கனத்துவிட்டது. இனிமேல் செஞ்சிக்குத் திரும்பவே முடியாது, மலைக்குப் போயே தீர வேண்டும். அதற்கு முன்னாலும் போய்த்தான் தீர்வதாக இருந்தேன். சிரிக்காதீர்கள் சார்.

மேடையில் ஐயர் மைக்கில் கூப்பிட்டார். "பொண்ணோட தாய்மாமா வாங்கோ, பட்டம் கட்டணும்."

தனகோட்டி எழுந்தான். அவன் பெண்டாட்டி எழுந்து மடிப்பைச் சரி செய்துகொண்டாள். இரண்டு பேரும் அம்சமாகத்தான் இருந்தார்கள், அவர்கள் கடை காலண்டரில் போடலாம். மாப்பிள்ளையின் பெரியம்மா தலையை ஆட்டினாள். நான் தூணுக்கு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் 'இலையை எடுக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

மைக்கில் ஹேமா குரல் கேட்டது.

"இவரு ஒண்ணுவிட்ட மாமா. என் சொந்த மாமா அங்க தூணைப் புடிச்சிக்கினு நிக்கறாரு. மாமா, கேசரி எங்கியும் ஓடிடாது. மேல ஏறி வா."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நாதஸ்வரக்காரர்கூடத் திரும்பினார். இருந்தாலும் விஷயத்தை விடக் கூடாது அல்லவா? "என்னைத் தட்டுல வெச்சு யாரும் கூப்பிடலை" என்றேன். குரல் சரியாக வரவில்லை, ஓமப் புகை. பக்கத்தில் நின்ற ஆள் எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, "தட்டுல வெச்சுக் கூப்பிடலியாம்!" என்று கத்தினான். அவனுக்கு முன்னால் இருந்தவன், "தட்டு வேணுமாம்!" என்றான். மேடை வரைக்கும் போய்ச் சேரும்போது, "பசிக்குதாம், தட்டு குடுங்க!" என்று ஆகியிருந்தது.

ஹேமாவுக்கு மட்டும் புரிந்தது. "அம்மா, தட்டு எடு. அப்பா, நீயும் போ."

"பாயில உக்காந்த பொண்ணு இப்பிடிப் பேசக் கூடாதும்மா" என்றாள் பெரியம்மா.

"நேரம் போறது" என்றார் ஐயர்.

அலமேலு மேடையிலிருந்த ஒரு தட்டைக் காலி செய்து வெற்றிலை பாக்கு பழம் வைத்தாள். இரண்டு பேரும் இறங்கி, நடுவே இருந்த நாற்காலிகளையெல்லாம் ஒதுக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்கள். நின்ற பிறகுதான் ஏகாம்பரத்துக்கு ஞாபகம் வந்தது. "பத்திரிகை?"

ஒருத்தரிடமும் பத்திரிகை இல்லை. இந்தக் காலத்தில் யார் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வருகிறார்கள்? எல்லாருக்கும் போனில் இருக்கிறது. ஒருத்தன் போனையே தட்டில் வைக்கப் பார்த்தான். இன்னொருத்தன் வாசலில் கட்டியிருக்கிற பேனரை அவிழ்த்துக்கொண்டு வரட்டுமா என்றான். ஐயர் மறுபடியும் நேரத்தைச் சொன்னார். ஏகாம்பரத்துக்கு நெற்றியில் வேர்வை ஓடியது.

நான் சட்டைப் பையிலிருந்து பத்திரிகையை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

என்னிடம்தான் இருந்தது. மண்டபத்து விலாசம் தெரிய வேண்டாமா? நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழியப்போகிற மாதிரி இருந்தது. யாரோ தினமும் பிரித்துப் பிரித்துப் பார்த்த மாதிரி. சட்டைப் பை செய்கிற வேலை அது.

அலமேலு அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அட அண்ணா" என்றாள். இரண்டு பேரும் தட்டை நீட்டினார்கள். ஏகாம்பரம் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டான். "மச்சான், குடும்பத்தோட வந்து..."

அங்கேயே நின்றுவிட்டான். அலமேலு தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். யாராவது ஏதாவது சொல்ல வேண்டுமே. நான்தான் சொன்னேன். "அவ வர மாட்டாடா. வந்திருந்தா காபிக்கு அவளே சக்கரை போட்டிருப்பா."

ஏகாம்பரம் சிரித்தான். பிறகு துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். மண்டபத்தில் நல்ல புழுக்கம் சார்.

தட்டை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். பெரியம்மா விடவில்லை. "மாமா கட்டட்டும், வேணாங்கல. ஆனா நெத்தியில ஒருத்தர் புடிக்கணும், பின்னாடி ஒருத்தர் முடி போடணும். ஜோடிதான் வழக்கம். இவரு ஒத்தையா எப்பிடிக் கட்டுவாரு?" அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. தகடு வழுக்கும். அவர்கள் வீட்டுப் பொண்ணுகளுக்கெல்லாம் அந்த அம்மாள் பிடிக்க, அவள் புருஷன் முடி போட்டிருப்பார். எங்கள் வீட்டில் மங்கைதான் பிடிப்பதாக இருந்தது. சின்னப் பிள்ளையிலேயே ஹேமாவுக்கு விளையாட்டாக வாழைநாரில் கட்டிப் பார்த்திருக்கிறாள்.

"நான் புடிச்சிக்கறேன்" என்றாள் ஹேமா.

"பொண்ணே புடிக்கிறதா?"

"என் நெத்திதானே அத்தை? மாமா, நீ பின்னாடி போய் முடி போடு. இறுக்கிடாத, தலை வலிக்கும்."

இரண்டு கையாலும் தகட்டை நெற்றியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஐயர் புத்தகத்தில் இதற்கு மந்திரம் இல்லை போலிருக்கிறது, வழக்கமானதையே சொன்னார். நான் பின்னால் போய், பூவை ஒதுக்கி, நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டேன். ஜீப்புக்குத் தார்ப்பாய் கட்டின கை, சாதாரணமாக ஒரே இழுப்பில் விழும் முடிச்சு. இன்றைக்கு விழவில்லை. "இன்னா மாமா, ஜடை பின்றியா?" என்றாள். மூன்றாவது தடவை விழுந்தது. போட்டோகிராபர் என்ன எடுத்தானோ தெரியாது. ஹேமாவின் கையும் என் தொப்பையும்தான் வந்திருக்கும். எனக்கு அடுத்து தனகோட்டியும் அவன் பெண்டாட்டியும் கட்டினார்கள். அழகாகக் கட்டினார்கள். இரண்டாவதாக.

சேலையைக் கொடுத்தேன், தாலி கட்டினதைப் பார்த்தேன், கிளம்பினேன். சாப்பிடாமல்தான் கிளம்பினேன். சொன்ன விரதம் சொன்னதுதானே. சமையல்காரர் இலையைக் காட்டிக் கூப்பிட்டார், அந்த ஆள் கொடுத்த முடிச்சே மடியில் இருக்கும்போது அவர் எதிரில் நான் எப்படிக் கேசரி தின்பேன்? நீங்கள் சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள், பையில் போட்டுக் கொடுத்த முறுக்கு நன்றாக இருக்கிறதா? எனக்கு வேண்டாம்.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் இப்போது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருவேன். பஸ் ஸ்டாண்டில் இந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மாலையும் கழுத்துமாக ஒருத்தன் ஓடி வருகிறான், பின்னால் நாலு பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு. பார்த்தால் மாப்பிள்ளை. விமல் என்று பெயர். நல்ல பையன், மூச்சு வாங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஹேமா சொல்லி அனுப்பினா. மொத விருந்து தாய்மாமன் வீட்லதானாம். ஞாயித்துக்கெழம வரோம்" என்றான்.

"எங்க வீட்லயா? எங்க வீட்ல யாருப்பா இருக்கறாங்க?"

"நீங்கதான் இருக்கறீங்களே மாமா" என்றான்.

அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தான். "எங்க பெரியம்மாவும் வராங்க! அவங்களுக்கு ஜவ்வரிசிப் பாயசம்னா உசுரு!"

பெரியம்மா! பாருங்கள் வேலையை. ஓட்டலில் வாங்கிவிடலாம் என்று சொல்லாதீர்கள், தாய்மாமன் வீட்டு விருந்தில் பார்சலைப் பிரித்து வைப்பார்களா? சாதம் வடிப்பேன். ரசம் வைப்பேன், அது ரசம்தான் என்று நான் சொன்னால் நம்புவார்கள். கத்தரிக்காய் வதக்கத் தெரியும். பாயசம் மட்டும் மங்கை வைத்துக் குடித்ததோடு சரி, அடுப்படியில் எட்டிப் பார்த்ததில்லை. மலையில் சாமி முன்னால் நிற்கிற அந்த ஒரு நிமிஷத்திலும் எனக்கு ஜவ்வரிசிதான் ஞாபகம் வரப்போகிறது.

சார், நீங்கள் தப்பாக நினைக்கவில்லை என்றால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார்கள் அல்லவா? இந்நேரம் வேலையெல்லாம் முடிந்திருக்கும். ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். ஜவ்வரிசியை முதலில் வறுக்க வேண்டுமா, ஊற வைக்க வேண்டுமா? பாலை எப்போது ஊற்ற வேண்டும்? யாருக்கு என்று கேட்டால், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், அவர் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று சொல்லுங்கள்.